கில்வின்ஸ்கி ஏன் அப்படிச் செய்தார்?

கேள்வி: "1972இல் வந்த 'தி நியூ செஞ்சுரியன்ஸ்' பார்த்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் ராத்திரி முழுக்க ரோந்துக் காரில் சுற்றுகிறார்கள். துப்பறியவும் ஒன்றும் இல்லை, வில்லனும் இல்லை. நடுவில் அந்தப் பெரியவர் ஓய்வுபெற்றுப் போகிறார், திரும்பி வருகிறார், திடீரென்று தன்னையே சுட்டுக்கொள்கிறார். ஏன்? இதை எதற்காக கிளாசிக் என்கிறார்கள்? மூல நாவலைப் படிக்கலாமா?"

முடிவு வரை எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நீங்கள் கதை இல்லை என்று சொன்னது சரிதான். ஆனால் அதைக் குறையாகச் சொல்லிவிட்டீர்கள். இந்தப் படத்தில் கதைக்குப் பதிலாக இருப்பது ஷிஃப்ட். மாலையில் ஸ்டேஷனில் வருகைப் பதிவு, யார் யாரோடு எந்த வண்டி என்ற அறிவிப்பு, அப்புறம் கார், ரேடியோ அழைப்பு, இன்னொரு அழைப்பு, விடியல். மறுநாள் மறுபடி வருகைப் பதிவு. ஒரு கொலை நடந்தால் துப்பறியும் அதிகாரிக்கு அதன் தொடக்கமும் தெரிய வரும், முடிவும் தெரிய வரும். ரோந்துப் போலீசுக்கு நடுத்துண்டு மட்டும்தான். யாரோ கத்துகிறார்கள், இவர்கள் போகிறார்கள், பிரித்து விடுகிறார்கள், ரேடியோ அடுத்த விலாசத்தைச் சொல்கிறது. முந்தைய வீட்டில் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க நேரம் கிடையாது.

குடித்துவிட்டுக் குழந்தையைச் சித்திரவதை செய்யும் தாயிடமிருந்து, நீங்கள் சொல்லும் அந்தப் பெரியவர் கில்வின்ஸ்கி, குழந்தையைப் பிடுங்கி எடுக்கும் காட்சி நினைவிருக்கும். அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆனது? படம் சொல்லாது. முதல் முறை பார்த்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறைதான் புரிந்தது, கில்வின்ஸ்கிக்கும் அது தெரியாது. இப்படி முடிவு தெரியாத துண்டுகள் அவர் தலைக்குள் எத்தனை ஆயிரம் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஏன் சுட்டுக்கொண்டார் என்ற உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதை வெளியாள் ஒருவர் எழுதியிருக்க முடியாது. மூல நாவலை எழுதியவர் ஜோசஃப் வாம்போ. 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீசில் சேர்ந்து, சார்ஜென்ட் பதவியில் வேலையில் இருந்துகொண்டே இந்த நாவலை எழுதினார். 1971இல் புத்தகம் வந்து விற்பனையில் உச்சத்துக்குப் போனது. துறையின் மேலிடத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. போலீஸ்காரன் குடிக்கிறான், பயப்படுகிறான், பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறான் என்று போலீஸ்காரனே எழுதினால் யாருக்குப் பிடிக்கும்? பேர் வந்த பிறகும் வாம்போ வேலையை விடவில்லை. ஆனால் கைது செய்யப்பட்டவர்களே ஆட்டோகிராஃப் கேட்கத் தொடங்கினால் எப்படி வேலை பார்ப்பது? 1974இல் விட்டுவிட்டார். 14 ஆண்டு சர்வீஸ். இன்னும் 6 ஆண்டு தள்ளியிருந்தால் பென்ஷன் கிடைத்திருக்கும். 2025 பிப்ரவரியில் இறக்கும்வரை அவருக்கு அந்த வேலையின் ஏக்கம் இருந்தது என்றுதான் அவருடைய எழுத்தைப் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் போலீஸைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் படம் இன்னும் நன்றாக விளங்கும். ஊரின் பரப்பு சுமார் 470 சதுர மைல். அவ்வளவு பெரிய ஊரில் தெருத்தெருவாக நடந்து காவல் காப்பது முடியாத காரியம். 1950 முதல் 1966 வரை தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லியம் பார்க்கர், கார், ரேடியோ, கண்டிப்பு இந்த மூன்றையும் வைத்துத்தான் அந்தப் படையைக் கட்டினார். லஞ்சம் குறைந்தது, திறமை கூடியது. கூடவே போலீஸ்காரன் தெருவுக்கு அந்நியனாகவும் ஆனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் இரண்டு பேர். இரண்டு பேர் போகும் வண்டிக்கு ரேடியோவில் 'ஆடம்' என்று அடையாளம். எட்டு மணி நேரம் அந்த முன் சீட்டுதான் உலகம். பெண்டாட்டியோடு விழித்திருக்கும் நேரத்தைவிட பார்ட்னரோடு இருக்கும் நேரம் அதிகம்.

இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளைஷர் இதைப் பிடித்துக்கொண்டார். இவர் பெயரைச் சொன்னால் பெரிய கலைஞர் என்று யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். கொடுத்த வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுக்கும் ஸ்டூடியோ ஆள் என்ற பெயர்தான் அவருக்கு. ஆனால் அகலத் திரையில் சட்டகம் அமைப்பது அவருக்குக் கைவந்த கலை. 1954இலேயே டிஸ்னிக்காக சினிமாஸ்கோப்பில் கடலடிப் படம் எடுத்தவர். இந்தப் படமும் பனாவிஷன் அகலத் திரைதான். காரின் முன் கண்ணாடி வழியாக அவர் வைக்கும் ஷாட்டுகளைக் கவனியுங்கள். ஒரு ஓரத்தில் கில்வின்ஸ்கியாக வரும் ஸ்காட்டின் முகம், மறு ஓரத்தில் அவருடைய இளம் பார்ட்னர் ராயாக வரும் கீச்சின் முகம், நடுவில் இருட்டு. ஒரு வீட்டின் வரவேற்பறையைப் படமாக்குவது போல அந்த முன் சீட்டைப் படமாக்கியிருக்கிறார். ராய் தன் சொந்த வீட்டில் இருக்கும் காட்சிகள் இதைவிட நெருக்கடியாகத் தெரியும். (கைபேசியில் பார்த்திருந்தால் இதில் பாதி போய்விட்டிருக்கும். முடிந்தால் பெரிய திரையில் இன்னொரு முறை பாருங்கள்.)

இனி கில்வின்ஸ்கி. ஜார்ஜ் சி. ஸ்காட் அப்போதுதான் 'பேட்டன்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்தப் படத்தில் ராணுவம் முழுவதையும் அதட்டிய குரலை இங்கே அரைக் குரலாகக் குறைத்துக்கொண்டார். கில்வின்ஸ்கி கத்துவது ரொம்பக் குறைவு. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டங்கள் அவரிடம் உண்டு. 'கில்வின்ஸ்கி சட்டம்' என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். வெள்ளையோ கறுப்போ எல்லோரையும் ஒரே மாதிரி நடத்து. நாகரிகமாக இரு, ஆனால் குழையாதே. அடிக்க வருபவனைவிட ஒரு படி மேலே இரு, அவன் கையோடு வந்தால் நீ தடியோடு நில். இப்படி. சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டு, குடும்பச் செலவுக்காக வேலைக்கு வந்த ராய் ஃபெலருக்கு இதெல்லாம் புதுசு. அவன் படித்த சட்டம் வேறு.

இந்தச் சட்டங்களின் அழகு தெரிவது அந்த வேன் காட்சியில்தான். தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளிகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். கைது செய்து கொண்டுபோனால் காலையில் அபராதம் கட்டி வெளியே வந்து, அந்த அபராதத்துக்கும் சேர்த்து மறுநாள் உழைப்பார்கள். அதனால் கில்வின்ஸ்கி ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்து, வண்டியிலேயே ஊரைச் சுற்ற வைக்கிறார். இரவின் வியாபார நேரம் கழிந்ததும் இறக்கி விடுகிறார். உள்ளே ஒரே சிரிப்பும் கேலியும். இசபெல் சான்ஃபோர்ட் அந்தக் காட்சியில் பின்னி எடுத்திருப்பார். சட்டப்படி பார்த்தால் இது கடத்தல். வழக்கும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் அந்த இரவு யாருக்கும் அடி விழவில்லை. இது சரியா தப்பா என்று படம் தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடும். ராயின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றம் தெரியும். புத்தகத்தில் படிப்பதைவிட இது சுவாரஸ்யமாக இருக்கிறதே என்ற மாற்றம். அவன் சட்டப் படிப்பு அந்த வேனுக்குள்தான் முடிந்துபோகிறது.

அடுத்தது, வீட்டுக்காரன் காட்சி. ஒரே வீட்டுக்குள் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைகளைக் கூட்டம் கூட்டமாக அடைத்துவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை பிடுங்குகிறான் ஒருவன். காகிதம் இல்லாதவர்கள், எங்கே போய்ப் புகார் செய்வார்கள்? அதுவரை நிதானமாகவே இருந்த கில்வின்ஸ்கி அவனைப் பிடித்து உலுக்கி விடுகிறார். ஸ்காட்டின் உடம்பு மொத்தமும் அந்த ஒரு நிமிடம் வேறாகிவிடும். நாம் கைதட்டத் தயாராவோம். ஆனால் காட்சி நம்மைக் கைதட்ட விடாது, ஏனென்றால் அவர் விட்டுவிட்டுப் போன பிறகும் வாடகை அதேதான் என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நம் ஊர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் இடைவேளை விட்டிருப்பார்கள். இங்கே ரேடியோ அடுத்த விலாசத்தைச் சொல்கிறது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். "திடீரென்று" என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, படத்தில் மிக நிதானமாகத் தயார் செய்யப்பட்ட விஷயமே அதுதான். கில்வின்ஸ்கியின் சட்டங்களைத் திரும்ப ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். சந்துக்குள் எப்படி நுழைவது, எவனை எப்படிப் பிடிப்பது, எவனை விட்டுவிடுவது எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஷிஃப்ட் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரு விதிகூட அவரிடம் இல்லை. வீடு, மனைவி, தூக்கம், கிழப் பருவம் இவை பற்றி அவர் வாயிலிருந்து பயனுள்ள ஒரு சொல் வராது. ராய் தன் வீட்டுப் பிரச்சினையைத் தொட்டால் பேச்சு நழுவிப்போகும். தெரிந்த ஆள் போல ஸ்காட் உட்கார்ந்திருப்பதால் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஓய்வு வருகிறது. ஃப்ளோரிடாவுக்குப் போகிறார். அங்கே ஒட்டவில்லை. திரும்பி வருகிறார். பழைய ஸ்டேஷனில் எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் வண்டி ஏறுவதற்கு அவர்களுக்கு நேரமாகிவிட்டது. சீருடை இல்லாத ஸ்காட்டைப் பாருங்கள், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருப்பார். அது நடிப்புதான், ஆனால் எனக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா ரயில்வேயில் கேபின்மேனாக இருந்தவர். முப்பது வருஷத்தில் பாதி நைட் டூட்டி. ஓய்வு பெற்ற முதல் வருஷம், இரவு ஒன்பது மணி ஆனால் முகம் மழித்துக்கொள்வார். சட்டை மாற்றிக்கொள்வார். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று அம்மா கேட்டால், சும்மா என்பார். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து அது எது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்வார். சரியாகவே சொல்வார். கேட்பதற்கு நாங்கள் இருந்தோம். கில்வின்ஸ்கிக்கு யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

தொலைபேசிக் காட்சியில் நடப்பதும் இதுதான். ராத்திரியில் கில்வின்ஸ்கி ராயைக் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை, ஒரு பழைய கதையைச் சொல்கிறார். அவருடைய பகுதியில் ஒரு கிழவர் இருந்தார். யாரோ வீட்டுக்குள் வரப் பார்க்கிறார்கள் என்று அடிக்கடி போலீஸைக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ராய் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாமும் இன்னொரு பழைய போலீஸ் கதை என்றுதான் கேட்கிறோம். சொல்லி முடித்ததும் ரிசீவரை வைக்கிறார். அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

அந்தக் கிழவர் எதற்காகக் கூப்பிட்டார் என்று கில்வின்ஸ்கிக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த அழைப்புக்குப் போனவர்களில் ஒருவராக இருந்தவர், இப்போது தானே அந்த அழைப்பைச் செய்கிறார். ராய் போனில்தான் இருந்தான், வண்டியில் இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர ஆள் இல்லை. ஸ்காட் இந்த நீண்ட பேச்சில் குரலை உடைக்கவே மாட்டார். வேறு எந்த நடிகரும் ஒரு இடத்திலாவது தழுதழுத்திருப்பார். அவர் ஒரு ரிப்போர்ட் எழுதுவது போலச் சொல்லிக்கொண்டு போவார். அந்த வறண்ட தொனியால்தான் நமக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போகிறது, திடீர் என்று தோன்றுகிறது. ராய்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நோய், கடன், குற்றவுணர்வு என்று ஒரு காரணத்தைக் காட்டியிருந்தால் பார்ப்பவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி ஒரு காரணம் வைக்காததற்காகவே நான் இந்தப் படத்தை மதிக்கிறேன்.

சரி, ராய். ஸ்டேசி கீச்சுக்கு 1972 நல்ல வருஷம். அதே கோடையில் ஜான் ஹியூஸ்டனின் 'ஃபேட் சிட்டி'யில் உருக்குலைந்த குத்துச்சண்டைக்காரனாகவும் வந்தார். இரண்டிலும் ஒரே மாதிரியான மனிதன்தான், மெதுவாகச் சரிகிறவன். ராய் எப்போது இந்த வேலைக்கு அடிமையானான் என்று ஒரு காட்சியைச் சுட்டிக் காட்ட முடியாது. படிப்பு தள்ளிப்போகிறது. மனைவி டோரத்தியாக வரும் ஜேன் அலெக்ஸாண்டர், புகார் சொல்லும் மனைவி என்ற வழக்கமான பாத்திரத்துக்குள் சிக்காமல் தப்பித்திருக்கிறார். அவள் சொல்வதெல்லாம் நியாயம், படமும் அதை ஒப்புக்கொள்கிறது. கொள்ளை நடந்த இடத்தில் நின்றிருந்த காரைப் பார்க்கப் போன ராய்க்கு வயிற்றில் குண்டு பாய்கிறது. பிழைத்துக்கொள்கிறான். அந்த மருத்துவமனைக் கட்டிலில் எந்த மனிதனும் "போதும்" என்றுதான் நினைப்பான். இவன் திரும்பப் போக நாள் எண்ணுகிறான். டோரத்தி அன்றே மனதுக்குள் கிளம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். பெட்டி கட்டியது பிறகுதான்.

கில்வின்ஸ்கி போன பிறகு ராய் டூட்டியிலேயே குடிக்கத் தொடங்குகிறான். ஓடும் காரில் தொங்கியபடி இழுத்துச் செல்லப்படும் அந்தக் காட்சி, சண்டைப் பயிற்சிக்காரர்களின் வித்தையாகத் தெரிந்தாலும், அதற்குள் ஒரு அசிங்கம் இருக்கிறது. அது வீரம் கிடையாது, போதையில் எடுத்த முட்டாள் முடிவு. அதற்காக வேலையிலிருந்து நிறுத்தியும் வைக்கிறார்கள். போலீஸ் படத்தில் துரத்தல் காட்சி என்றால் நாயகனின் புகழ் கூட வேண்டும் என்பது வழக்கம். முந்தைய வருஷம்தான் 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷ'னும் 'டர்ட்டி ஹாரி'யும் வந்து போலீஸ் கோபத்தைக் கொண்டாட்டமாக்கியிருந்தன. அந்த இரண்டும் பெரும் வெற்றி. அவற்றுக்கு மறு வருஷமே இப்படி ஒரு படம் வந்தது என்பதை நினைத்தால், இதை எடுத்தவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் என்று தெரியும்.

கிளாசிக் என்று சொல்வதற்கு என் காரணமும் இதுதான். போலீஸ்காரனை வீரனாகவோ வில்லனாகவோ காட்டாமல் வேலைக்காரனாகக் காட்டிய படங்கள் அதற்கு முன் ரொம்பக் குறைவு. டிவியில் 1968 முதல் ஓடிய 'ஆடம் 12' தொடரில் இதே ஊர், இதே மாதிரி இரண்டு பேர், இதே மாதிரி கார். ஆனால் அதில் சட்டை கசங்காது. வாம்போ அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டார். அவர் 1973இல் உருவாக்கிய 'போலீஸ் ஸ்டோரி' தொடரும் இதே தடத்தில் போனது. முன் சீட்டில் அனுபவசாலியும் புதியவனும் பேசிக்கொண்டே போகும் லாஸ் ஏஞ்சலஸ் படங்கள் பிறகு வரிசையாக வந்தன. 1988இல் 'கலர்ஸ்', 2001இல் 'டிரெயினிங் டே', 2012இல் 'எண்ட் ஆஃப் வாட்ச்'. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகையில் கில்வின்ஸ்கியின் வண்டியில் ஏறிய பயணிதான்.

இசையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குவின்சி ஜோன்ஸ். தெருவுக்குரிய துள்ளலான இசை வந்துகொண்டே இருக்கும். தொலைபேசிக் காட்சியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், வேறு சொல்ல மாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை, நாவலின் முதுகெலும்பையே எடுத்துவிட்டார்கள். நாவல் 1960இல் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் தொடங்கி, 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தை நோக்கிப் போகிறது. ஒரு கறுப்பின இளைஞரை வாகனச் சோதனையில் நிறுத்தியதில் தொடங்கி ஆறு நாள் நீடித்து 34 உயிர்களைக் குடித்த கலவரம். ராய், கஸ், செர்ஜியோ என்று புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் ஐந்து வருஷத்தில் என்னவாக ஆகிறார்கள், அதே ஐந்து வருஷத்தில் தெரு என்னவாக ஆகிறது என்பதுதான் அந்தப் புத்தகம். படம் எல்லாவற்றையும் எழுபதுகளின் தொடக்கத்துக்கு இழுத்துவந்து, கலவரத்தைக் கத்தரித்துவிட்டது. திரைக்கதை எழுதிய ஸ்டெர்லிங் சிலிஃபன்ட் நிறப் பிரச்சினைக்குப் பயந்தவர் என்று சொல்ல முடியாது. 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' எழுதி ஆஸ்கர் வாங்கியவர் அவர். 103 நிமிடத்துக்குள் அடங்காது என்று விட்டிருக்கலாம். ஆனால் விளைவு என்னவென்றால், போலீஸ்காரர்களின் களைப்பு முழுசாகத் தெரிகிறது, அந்தத் தெருவில் வாழ்கிறவர்களின் களைப்பு கால்வாசிதான் தெரிகிறது. கஸ் தவறுதலாக ஒரு அப்பாவியைச் சுட்டுவிடும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்ஸாக வரும் ஸ்காட் வில்சனின் நடுக்கம் மறக்க முடியாதது. ஆனால் செத்த மனிதரின் வீட்டுப் பக்கம் கேமரா போகவே இல்லை.

ஒழுக்கக்கேடு தடுப்புப் பிரிவில், பூங்காவில் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பிடிக்கப் போவதைச் சிரிப்புக்காக வைத்திருக்கும் பகுதி இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கிளிஃப்டன் ஜேம்ஸ் நல்ல நகைச்சுவை நடிகர், ஆனாலும் அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை. ராய் கடைசியில் காதலிக்கும் நர்ஸ் லாரியாக வரும் ரோசலிண்ட் கேஷுக்கும் நியாயமாக நேரம் கொடுக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார போலீஸும் கறுப்பினப் பெண்ணும் காதலிப்பதை 1972இல் எந்த ஆரவாரமும் இல்லாமல் காட்டியது நல்ல விஷயம். அதற்காக அவளை அவனுடைய மருந்தாக மட்டும் எழுதியிருக்க வேண்டாம். படத்தின் கடைசி அரை மணி நேரம் கொஞ்சம் அவசரப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கில்வின்ஸ்கியைப் பற்றிப் பேசிவிட்டு அதை விட முடியாது. கலிஃபோர்னியா போலீஸ்காரர்கள் குற்றங்களைத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்ணால்தான் சொல்வார்கள். 211 என்றால் கொள்ளை, 459 என்றால் வீடு புகுந்து திருடுவது, 415 என்றால் அமைதியைக் குலைப்பது. குடும்பச் சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணில் வரும். கேட்பதற்குச் சின்ன விஷயம். அனுபவமுள்ள ரோந்துப் போலீசைக் கேட்டால் கொள்ளைக்காரனைவிட இதற்குத்தான் பயம் என்பார். கொள்ளைக்காரன் தப்பிக்கப் பார்ப்பான், அவன் அடுத்து என்ன செய்வான் என்று கணிக்கலாம். வீட்டுச் சண்டையில் எவன் கையில் என்ன இருக்கிறது, எப்போது திரும்புவான் என்று கணிக்க முடியாது. ராய் அப்படிப்பட்ட ஒரு சாதாரண அழைப்புக்குப் போய்த்தான் சுடப்படுகிறான். குடியை விட்டு, வாழ்க்கை சற்று நேரான பிறகு. பக்கத்தில் கஸ்ஸும் செர்ஜியோவும். (செர்ஜியோவாக வரும் எரிக் எஸ்ட்ராடாதான் ஐந்து வருஷம் கழித்து டிவியில் 'சிப்ஸ்' தொடரின் மோட்டார் சைக்கிள் போலீசாகப் புகழ் பெற்றவர். இங்கே இளம் முகம், அடையாளம் தெரிவதே கடினம்.)

முதலில் வயிற்றில் குண்டு பாய்ந்தபோது பெரிய கொள்ளை, பெரிய பரபரப்பு, பிழைத்தான். இரண்டாவது முறை ஒன்றுமே இல்லாத அழைப்பு, போய்விட்டான். இங்கேயும் 'திடீர்' என்றுதான் தோன்றும். ரோந்தில் சாவு அப்படித்தான் வரும் என்று வாம்போவுக்குத் தெரிந்திருந்தது.

நாவல் விஷயம். தாராளமாகப் படியுங்கள், ஆனால் படத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு பெரிய வித்தியாசம் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நாவலில் கில்வின்ஸ்கி ராயின் பார்ட்னரே இல்லை, கஸ்ஸின் பார்ட்னர். கஸ் உருவத்தில் சின்னவன், தன் தைரியத்தின் மேலேயே சந்தேகம் உள்ளவன். அவனுக்குக் கில்வின்ஸ்கி கிடைப்பது ஒரு அப்பா கிடைப்பது போல. ராய் அங்கே கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன், அவனுக்கு அப்படி ஒரு குரு வாய்ப்பதே இல்லை. அதனால் அவன் விழும்போது தாங்க யாரும் இல்லாமல் விழுகிறான். படம் கஸ்ஸின் குருவை ராய்க்குக் கொடுத்ததில் நாடகம் கூடியது, ஸ்காட்டுக்கும் கீச்சுக்கும் ஒரே முன் சீட் கிடைத்தது. எனக்குப் படத்தின் ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது என்றாலும், நாவலின் கஸ்ஸை இழந்தது இழப்புதான்.

அதை முடித்துவிட்டு இன்னும் தெம்பு இருந்தால் வாம்போவின் 'தி ஆனியன் ஃபீல்ட்' எடுங்கள். அது கற்பனை இல்லை. 1963 மார்ச் 9 இரவு, ஹாலிவுட் பகுதியில் சீருடை இல்லாமல் ரோந்து போன இயன் காம்ப்பெல், கார்ல் ஹெட்டிங்கர் என்ற இரண்டு போலீஸ்காரர்களை இரண்டு பேர் துப்பாக்கி முனையில் கடத்தி, பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு வெங்காய வயலுக்குக் கொண்டுபோனார்கள். காம்ப்பெல் கொல்லப்பட்டார், ஹெட்டிங்கர் இருட்டில் ஓடித் தப்பினார். துப்பாக்கியை ஏன் கொடுத்தாய் என்று துறையே தப்பியவரைக் குற்றவாளி போலப் பார்த்தது. 1973இல் வந்த அந்தப் புத்தகத்தில் அந்தத் தப்பிய பார்ட்னரின் கதையும் விரிவாக வருகிறது. 'தி நியூ செஞ்சுரியன்ஸ்' உங்களைத் தொந்தரவு செய்திருந்தால் இது தூங்க விடாது, பகலில் படியுங்கள்.

கடைசியாக ஒரு தகவல். படத்தை மறுபடி தேடும்போது 'ப்ரீசிங்ட் 45: லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்' என்ற பெயர் கண்ணில் பட்டால் வேறு படம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பிரிட்டனில் இதே படத்தை அந்தப் பெயரில்தான் வெளியிட்டார்கள்.